மொத்த விலை

விலை தெரிந்தவர், விலை தெரியாத ஒருவரிடமிருந்து ஒரு பொருளை வாங்கும்போது எவ்வளவைச் சொல்லவேண்டும், எவ்வளவைச் சொல்லாமல் விடலாம்? இந்தக் கேள்வி எங்களுக்குப் புத்தகத்திலிருந்து வரவில்லை. பாரிசில் ஒரு றெஸ்ரோறன்றின் நிலவறையில், உருளைக்கிழங்கு மூட்டைகளுக்கும் வைன் போத்தல்களுக்கும் நடுவில் நின்று 780 கொமிக்ஸ் புத்தகங்களைப் பெட்டிகளில் அடுக்கிக்கொண்டிருந்தபோது வந்தது.

நாங்கள் மூன்றுபேர் அங்கே வேலை செய்தோம். மூவரும் கோப்பை கழுவுவதில் தொடங்கியவர்கள். மூத்தவர் ஐம்பதை நெருங்குகிறார், அவரை அண்ணை என்போம். இளையவன் வந்து ஐந்து வருடம். மற்றவருக்கு யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் இரண்டு வருட மெய்யியல் படிப்பு இருக்கிறது. 2006இல் ஏ9 பாதை மூடப்பட்ட காலத்தோடு அது நின்றுபோனது. பேனையைப் பிடித்திருப்பது அந்த ஆள்தான் என்றாலும் இங்கே எழுதுவது மூவரும் கதைத்ததைத்தான்.

எங்கள் முதலாளி எண்பத்தைந்தைத் தாண்டிய பிரெஞ்சுக்காரர். 2023இல் காலமானார். சின்ன வயதிலிருந்து கொமிக்ஸ் சேர்த்தவர். ரின்ரின், அஸ்ரெறிக்ஸ், ஸ்பிரூ, லக்கிலூக் என்று ஒவ்வொன்றாய் வாங்கி, வீட்டில் மனைவி இடம் தராததால் கடையின் நிலவறையில் தட்டுகள் அடித்து வைத்திருந்தார். மத்தியானச் சமையல் முடிந்து கதவு பூட்டியபிறகு கீழே இறங்கி ஒரு மணித்தியாலம் இருப்பார். அந்த நேரத்தில் அவரை ஒருவரும் கூப்பிடக்கூடாது. நாங்கள் உடுப்பு மாற்றுவதும் அதே நிலவறையில்தான் என்பதால், அவர் ஒரு மூலையில் வாசிக்க நாங்கள் இன்னொரு மூலையில் சப்பாத்துக் கழற்றுவோம்.

அவர் போனபின் மகள் கடையை விற்றார். வாங்கியவர் மாத முடிவில் நிலவறையை வெறுமையாகக் கேட்டிருந்தார். மகள் லியோனில் ஆசிரியை. ஒரு நாளும் கொமிக்ஸ் வாசித்தவரல்ல. "மொத்தமாய் எடுக்கிற ஒருவரைக் கூப்பிட்டிருக்கிறேன். நீங்கள் பெட்டிகளில் அடுக்கி, அவருக்குக் காட்டி, ஏற்றிவிடுங்கள். ஆளுக்கு ஐம்பது யூரோ தருகிறேன்" என்றார். ஒப்புக்கொண்டோம்.

இப்படியொரு சேகரிப்பை மொத்தமாய் விற்கப்போகிறவர் எதை எதிர்பார்க்கலாம் என்பது எங்களுக்கு அந்தக் கிழமையில்தான் மெல்ல விளங்கியது. பத்திரிகையில் வருகிற செய்திகள் வேறு. 1938இல் பத்து சதத்துக்கு விற்ற சுப்பர்மேனின் முதல் இதழ் ஒன்று 2024 ஏப்ரலில் அறுபது இலட்சம் டொலருக்குப் போனது. ரின்ரினுக்காக ஏர்ஜே வரைந்த ஒரு அட்டைப்படம் 2021 ஜனவரியில் பாரிஸ் ஏலத்தில் முப்பது இலட்சம் யூரோவுக்கு மேல் போனது. இவற்றைப் படித்துவிட்டு நிலவறைக்குள் இறங்குகிறவர் தன்னிடமும் புதையல் இருப்பதாக நினைப்பார். நாங்களும் நினைத்தோம். ஆனால் அஸ்ரெறிக்சின் முதல் அல்பம் 1961இல் அச்சானது ஆறாயிரம் பிரதிதான். பிறகு வந்தவையோ இலட்சக்கணக்கில் அச்சாகி பிரான்சின் ஒவ்வொரு வீட்டுப் பரணிலும் கிடக்கின்றன. எல்லோரிடமும் இருப்பதை யார் வாங்குவார்? எங்கள் முதலாளியின் தட்டில் இருந்தவற்றில் பெரும்பங்கு அந்த வகைதான்.

விலையைச் சொல்லுகிற ஒரு தடித்த புத்தகம் இருக்கிறது. 1979இல் தொடங்கியது. அதைத் தொகுத்த மூவரின் பெயர்களின் முதலெழுத்துக்களைக் கொண்டு 'பே டே எம்' என்கிறார்கள். நூலகத்தில் எடுத்துப் பார்த்தோம். அதில் போட்டிருப்பது முதற்பதிப்புக்கான விலை, அதுவும் நல்ல நிலையில் இருந்தால். முதுகு கிழிந்திருந்தால் குறையும். செலோரேப் ஒட்டியிருந்தால் இன்னும் குறையும். உள்ளே பிள்ளையொன்று தன் பெயரை எழுதி வைத்திருந்தால் அதற்கும் கழிவு. புத்தகம் ஒருவருக்குச் சொந்தமாய் இருந்தது என்பதற்கான அடையாளமெல்லாம் அங்கே பழுது. ரின்ரின் என்றால் பின் அட்டையைப் பார்க்கவேண்டும்: அங்கே எந்தெந்தக் கதைகளின் பெயர் அச்சாகியிருக்கிறது என்பதைக் கொண்டு எந்த வருடத்துப் பதிப்பென்று கண்டுபிடிக்கிறார்கள். இதெல்லாம் தெரிந்துதான் வியாபாரி வருகிறார். விற்கிறவருக்கோ அட்டையில் நாய்க்குட்டியோடு ஓடுகிற பெடியன் மட்டும்தான் தெரியும்.

இன்னொன்று. பிரான்சில் 1981 ஓகஸ்டில் வந்த சட்டத்தின்படி புதுப் புத்தகத்தின் விலையைப் பதிப்பாளர்தான் தீர்மானிப்பார். கடைக்காரர் ஐந்து வீதத்துக்கு மேல் குறைக்கமுடியாது. (அதே வருடம் மே மாத இறுதியில்தான் எங்கள் யாழ்ப்பாண நூலகம் எரிக்கப்பட்டது என்பது இந்தச் சட்டத்தைப் பற்றி வாசிக்கும்போதெல்லாம் நினைவுக்கு வருகிறது.) ஆனால் ஒருவர் வாங்கி வீட்டுக்குக் கொண்டுபோன பின் அந்தப் புத்தகத்துக்கு நிலையான விலை என்று ஒன்றில்லை. எங்கள் ஊரில் காப்பை விற்கக் கொண்டுபோனால் நடப்பது போலத்தான். வாங்கும்போது செய்கூலி கொடுத்தோம். விற்கும்போது செய்கூலியும் போகும், கல்லும் போகும், நிறுத்து, சேதாரம் கழித்து, மிச்சத்துக்குத்தான் காசு.

வியாபாரி ஒரு திங்கட்கிழமை வந்தார். நாற்பது நிமிடம் பார்த்தார். மரியாதையான மனிதர், கையில் துணி உறை போட்டிருந்தார். "எழுநூறு அல்பம் என் கடையில் ஒன்றிரண்டு யூரோவுக்குக் கிடக்கும், சில வருடக்கணக்காய்க் கிடக்கும். மிச்சம் எண்பதில்தான் என் சீவியம்" என்று சொல்லி இரண்டு விலை வைத்தார். தான் தெரிந்தெடுக்கிற எண்பதுக்கு மட்டும் என்றால் 900. எல்லாவற்றுக்கும் 1,200. கணக்குப் போட்டால் மற்ற எழுநூறுக்கும் முந்நூறு யூரோ. ஒன்றுக்கு நாற்பது சதத்துக்குக் கொஞ்சம் மேல்.

அவர் ஏமாற்றுகிறார் என்று இளையவன் கொதித்தான். நாங்கள் அப்படி நினைக்கவில்லை, இப்போதும் நினைக்கவில்லை. அவருக்கு வாடகை இருக்கிறது, வரி இருக்கிறது, வானுக்கு எண்ணெய் இருக்கிறது. பாலாடையை மட்டும் எடுத்துக்கொண்டு போயிருந்தால் மிச்ச எழுநூறையும் மகள் காசு கொடுத்துத்தான் அகற்றியிருக்கவேண்டும். ஒவ்வொன்றாய் விற்றால் கூடுதல் கிடைக்கும், உண்மைதான். ஆனால் தெருவோரப் பழஞ்சாமான் சந்தையில் தனியாள் ஒருவர் வருடத்தில் இரண்டு தடவைதான் விற்கலாம். ஒவ்வொன்றுக்கும் படம் எடுத்து, விலை போட்டு, பொதி கட்டித் தபாலுக்குக் கொண்டுபோக ஒரு மனிதருக்கு இரண்டு வருடம் வேண்டும். மொத்தமாய் விற்கிறவர் உண்மையில் விற்பது தன்னுடைய அவசரத்தை. அதற்கொரு கழிவு இருக்கத்தான் செய்யும். இதில் அநியாயம் இல்லை.

அநியாயம் இருந்தால் அது வேறோரிடத்தில் இருந்தது. அடுக்கும்போது இளையவன் ஒரு ரின்ரின் அல்பத்தைப் பெட்டியின் அடியில் வைத்திருந்தான். உள்ளே வர்ணம் இல்லை. பெரும்பாலும் கறுப்பு வெள்ளை. மலிவுப் பதிப்பு, மேலே இருந்தால் விலை குறைந்துவிடும் என்று அவன் நினைத்தான். வியாபாரியின் கை அந்தப் பெட்டியின் அடிக்குப் போனது. அல்பத்தை எடுத்தார். பின் அட்டையைத் திருப்பினார். முதற்பக்கத்தை விரலால் தொட்டார். பிறகு எடுத்த இடத்திலேயே, அதே மாதிரி, அடியில் வைத்துவிட்டு அடுத்த பெட்டிக்குப் போனார். முகம் மாறவில்லை. அண்ணை மட்டும் அதைக் கண்டார். மற்றப் பெட்டிகளில் அவர் எதையும் திரும்ப அடியில் வைக்கவில்லையே என்று பிறகு எங்களிடம் கேட்டார்.

அன்று பின்னேரமே மீண்டும் நூலகத்துக்குப் போனோம். ரின்ரின் அல்பங்கள் முழு வர்ணத்தில் வரத்தொடங்கியது 1942இல். அதற்கு முந்தியவை கறுப்பு வெள்ளை. அந்தத் தடித்த புத்தகத்தில் அவற்றின் வரிசையில் ஆயிரங்கள் நின்றன. பிற்காலத்தில் அதேபோல அச்சிட்ட மறுபதிப்புகளும் உண்டு, அவற்றுக்கு அவ்வளவு விலையில்லை. எங்களுடையது எது? திரும்பி வந்து பார்த்தோம். முதற்பக்கத்தில், பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய பிள்ளையின் கோணல் எழுத்தில், முதலாளியின் பெயர் இருந்தது. அந்தப் பெயர் விலையைக் குறைக்கும். அது பிற்கால மறுபதிப்பல்ல என்று சொல்வதும் அதே பெயர்தான்.

இங்கே எங்களில் ஒருவருடைய வீட்டுக் கதையைச் சொல்லாமல் மேலே போகமுடியாது. 1972இல் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் வரத்தொடங்கியது. முதல் இதழ் இரும்புக்கை மாயாவி. யாழ்ப்பாணத்திலும் அதற்குப் பைத்தியமாய் அலைந்த ஒரு தலைமுறை இருந்தது. மாமா அவர்களில் ஒருவர். யேர்மனிக்குப் போகும்போது தகரப்பெட்டி நிறைய விட்டுப்போனார். நாங்கள் அதில்தான் எழுத்துக்கூட்டி வாசித்தோம். பொருளாதாரத் தடைக் காலத்தில், 1994இல், கடதாசிக்கும் தட்டுப்பாடு. சாமான் கட்டிக்கொடுக்கக் கடைகளில் பேப்பர் இல்லை. அம்மா பெட்டியைக் கடைக்குக் கொண்டுபோய் நிறுத்து விற்றார். அரிசி வந்தது. அம்மாவில் பிழை சொல்ல எங்களால் முடியாது. ஆனால் அடுத்த கிழமை சீனி வாங்கப் போனபோது கண்டது இன்னும் கண்ணில் நிற்கிறது. சீனிச் சரையில் வேறேதோ கதையின் பக்கம். இரும்புக்கை மாயாவிகள் மட்டும் சரையாகாமல் கடைக்காரரின் கதிரைக்குப் பின்னால் ஒழுங்காய் அடுக்கியிருந்தன. அவருக்குத் தெரிந்திருக்கிறது. நிறுக்கும்போது தெரிந்திருக்கிறது. "தங்கச்சி, இதை நிறுக்காதை, தனிய வை" என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. அடுத்த வருடம் ஐப்பசி இடப்பெயர்வில் அவரும் கடையை அப்படியே விட்டுவிட்டு எங்களோடு நாவற்குழிப் பாலத்தால் நடந்தார். இன்று அந்தப் பழைய இதழ்களுக்குத் தமிழ்நாட்டுச் சேகரிப்பாளர்கள் பல ஆயிரம் ரூபா கொடுக்கிறார்கள் என்று மாமா ரெலிபோனில் சொல்லிப் பெருமூச்சு விடுகிறார். எங்களைத் தொந்தரவு செய்வது அந்த ஆயிரங்கள் அல்ல. அந்தக் கதிரைக்குப் பின்னால் இருந்த அடுக்கு.

இது புதிய கேள்வியல்ல. கி.மு. 44இல் சிசரோ கடமைகள் பற்றி எழுதிய நூலில் ஒரு உதாரணம் வருகிறது. ரோட்ஸ் தீவில் பஞ்சம். அலெக்சாந்திரியாவிலிருந்து தானியத்தோடு ஒரு வணிகர் வருகிறார். பின்னால் இன்னும் பல கப்பல்கள் வருவது அவருக்குத் தெரியும், தீவாருக்குத் தெரியாது. சொன்னால் விலை விழும். சொல்லவேண்டுமா? பாபிலோனிய டயோஜினிஸ் என்ற ஸ்தோயிக் ஆசிரியர், பொய் சொல்லாதவரை போதும், தெரிந்ததையெல்லாம் சொல்லவேண்டியதில்லை என்கிறார். அவருடைய மாணவர் அந்திபாற்றர், எதையும் ஒளிக்கக்கூடாது என்கிறார். சிசரோ மாணவர் பக்கம். எங்கள் கதைக்குக் கிட்டிய உதாரணமும் அதே நூலில் இருக்கிறது: பித்தளை என்று நினைத்து ஒருவர் பொன்னை விற்கிறார், வாங்குகிறவருக்குத் தெரியும். பதின்மூன்றாம் நூற்றாண்டில் தோமஸ் அக்குவைனாஸ் இதற்கு இன்னும் கண்டிப்பாய்ப் பதில் சொன்னார். தெரிந்துகொண்டு வாங்கியவர் அநியாயமாய் வாங்கியவர், திருப்பிக் கொடுக்கக் கடமைப்பட்டவர். எங்கள் பட்டினப்பாலையும் காவிரிப்பூம்பட்டினத்து வணிகரைப் பற்றிச் சொல்லும்போது விற்கும் நேர்மையோடு நிற்கவில்லை. வாங்கும்போதும் அளவுக்கு மிஞ்சிக் கொள்ளாதவர்கள் என்று சொல்கிறது. ஊரில் பாடமாக்கியபோது வாங்குவதைப் பற்றிய இந்தப் பாதி எங்களுக்கு உறைக்கவேயில்லை.

பிரெஞ்சுச் சட்டம் டயோஜினிசின் பக்கம். பால்டுஸ் என்ற பத்தொன்பதாம் நூற்றாண்டுப் புகைப்படக்காரரின் படங்கள் ஒரு பெண்மணியிடம் இருந்தன. 1986இல் ஐம்பது படங்களை ஏலத்தில் ஒன்று ஆயிரம் பிராங்குக்கு விற்றார். 1989இல் வாங்கியவரைத் தானே தேடிப்போய் இன்னும் எண்பத்தைந்து படங்களை அதே விலைக்குக் கொடுத்தார். பால்டுஸ் எவ்வளவு பெயர்பெற்றவர் என்பது பிறகுதான் அவருக்குத் தெரியவந்தது. வழக்குப் போட்டார். கீழே வென்றார். ஆனால் 2000 மே 3இல் உச்ச நீதிமன்றம், வாங்குகிறவருக்கு விலையைச் சொல்லும் கடமை இல்லை என்று தீர்ப்பளித்தது. 2016இல் ஒப்பந்தச் சட்டத்தைத் திருத்தியபோதும், தகவல் சொல்லும் கடமை ஒன்றை எழுதிவிட்டு, பொருளின் பெறுமதி அதில் அடங்காது என்று சேர்த்துக்கொண்டார்கள். ஆக எங்கள் வியாபாரி சட்டத்தை மீறவில்லை.

என்றாலும் எங்களுக்கு ஒன்று படுகிறது. இன்ன விலை போகும் என்பது ஒரு அறிவு. இது இன்ன பொருள் என்பது இன்னொரு அறிவு. முதலாவது வியாபாரியின் உழைப்பு; அவர் முப்பது வருடம் அலைந்து கற்றது. அதை ஏன் இனாமாய்ச் சொல்லவேண்டும் என்று கேட்டால் எங்களிடம் பதில் இல்லை. ஆனால் "இது மற்றவற்றைப் போன்றதல்ல" என்று சொல்ல விலை சொல்லத் தேவையில்லை. அதையும் ஒளித்து, எடுத்த இடத்திலேயே வைக்கும்போது, அவர் மௌனமாய் இருக்கவில்லை. கையால் ஒரு பொய் சொன்னார்.

இவ்வளவும் வியாபாரியைப் பற்றி. எங்களைப் பற்றிக் கதைக்கத் தொடங்கியபோதுதான் சத்தம் கூடியது. அன்றிரவு அறையில் அல்பத்தை அறிந்திருந்தது நாங்கள் மூவர், அவர் ஒருவர். இளையவன் சொன்னான்: "களவெடுக்கச் சொல்லேல்ல. முதலாளியின்ர நினைவாய் ஒண்டு வைச்சிருக்கலாமோ எண்டு மதாமிட்டக் கேப்பம். ஓம் எண்டுதான் சொல்லுவா." உண்மை, அவர் ஓம் என்றுதான் சொல்லியிருப்பார். அண்ணை படுத்திருந்தபடியே சொன்னார்: "கேக்கிறதில பிழையில்லை. சொல்லாமல் கேட்டால் அதுவும் பெட்டிக்கு அடியில வைக்கிறதுதான்."

ஆனால் இளையவன் விட்டுக்கொடுக்கவில்லை. அவன் சொன்னதிலும் நியாயம் இருந்தது. முதலாளி எங்களுக்குச் சம்பளம் தந்த விதத்தை நாங்கள் மறக்கமுடியாது. சம்பளச் சிட்டையில் முப்பத்தைந்து மணித்தியாலம். நின்றது அறுபது. மிச்சத்துக்கு மாத முடிவில் ஒரு கடித உறை, உள்ளே அவர் நினைத்த தொகை. எண்ணமாட்டார், நாங்களும் கேட்கமாட்டோம். விசா இல்லாத காலத்தில் வேலை தந்தவர், அதனால் கேட்க வாய் வரவில்லை. அவர் அதை உதவி என்றுதான் நம்பினார், கடைசிவரை. லாச்சப்பலில் கடை வைத்திருக்கிற எங்கள் ஆட்கள் சிலரும் அப்படித்தான் நம்புகிறார்கள். எங்கள் மணித்தியாலங்களையும் ஒருவர் மொத்தமாய்த்தான் வாங்கினார். எங்களுக்கும் அவசரம் இருந்தது, அதற்கான கழிவும் போனது. அந்தக் காசில் வாங்கிய அல்பங்களும் அந்த 780க்குள் இருந்திருக்கும். அப்படியிருக்க, அவருடைய மகளுக்கு நாங்கள் ஏன் உண்மை சொல்லவேண்டும்?

இதற்கு எங்களில் ஒருவரிடமும் ஒழுங்கான பதில் வரவில்லை. அந்தக் கறுப்பு வெள்ளை அல்பம் அவருக்கு வந்தபோது நாங்கள் பிறக்கவில்லை என்று அண்ணை சொன்னார். இளையவன் சிரித்தான். எங்கள் கடன் ஒரு கணக்கு, இது வேறு கணக்கு, ஒன்றை மற்றதில் கழித்தால் இரண்டும் கெட்டுப்போகும் என்று படித்தவர் சொல்லிப் பார்த்தார். அதுவும் அவ்வளவாய் எடுபடவில்லை. கடைசியில் அந்தச் சீனிச் சரைக் கதைதான் முடிவுசெய்தது. கதிரைக்குப் பின்னால் அடுக்கி வைக்கிற ஆளாய் இருக்க இளையவனுக்கும் விருப்பமில்லை.

செவ்வாய் காலை மகளுக்கு ரெலிபோன் எடுத்தோம். விலை எங்களுக்குத் தெரியாது, ஆனால் இது மற்றவை போல இல்லை, உங்கள் அப்பாவின் பெயர் உள்ளே இருக்கிறது என்று சொன்னோம். நீண்ட நேரம் சத்தமில்லை. பிறகு, "அதை மட்டும் எடுத்து வையுங்கள். மற்றதெல்லாம் போகட்டும்" என்றார். எங்களுக்கு இன்னொன்றும் நாக்கு நுனிவரை வந்தது. கடித உறைகளைப் பற்றி. கேட்கவில்லை. அந்த விஷயத்தில் அண்ணை எங்களோடு இன்றைக்கும் கோபம். அன்றைக்குத்தான் கேட்டிருக்கவேண்டும் என்கிறார்.

வியாழன் வியாபாரி வானோடு வந்தார். முப்பது முப்பதாய் இருபத்தாறு பெட்டிகள். நேராய் அந்தப் பெட்டியிடம் போய்க் கையை அடியில் விட்டார். நிமிர்ந்து, "ஒன்று குறைகிறதே" என்றார். மகள் எடுத்துவிட்டார் என்றோம். அப்படியானால் 800தான் என்றார். எழுநூற்றெண்பதில் ஒன்று, கழிவு நானூறு. இளையவன் தன் உடைந்த பிரெஞ்சில், "முசியே, அந்த ஒன்று எப்படி உங்களுக்கு நினைவிருந்தது?" என்று கேட்டான். அவர் கோபிக்கவில்லை. தோளை உயர்த்தி, "அது என் தொழில்" என்றார். மகளிடம் ரெலிபோனில் கேட்டோம், சரி என்றார்.

பழஞ்சாமான் வாங்குகிறவர்கள் இங்கே ஒரு பதிவேடு வைத்திருக்கவேண்டும். யாரிடம் என்ன வாங்கினார் என்று பொலிசுக்குக் காட்டவேண்டும். மகள் அனுப்பியிருந்த அடையாள அட்டைப் பிரதியைக் கொடுத்தோம். மலிவான சாமான்களை ஒவ்வொன்றாய் எழுதத் தேவையில்லையாம். வானின் முன் மட்டையில் வைத்து எழுதினார்: கொமிக்ஸ் அல்பங்கள், ஒரு தொகுதி, 779. ஒரே வரி. அதைப் பூட்டிப் பைக்குள் வைத்தபின் நாங்கள் மூவரும் பெட்டிகளைத் தூக்கத் தொடங்கினோம். படி ஒடுக்கம், ஒருதடவையில் ஒரு பெட்டிதான் ஏற்றலாம். ஏழு மணிச் சாப்பாட்டுக்கு மேசை போடுகிற நேரத்தில் முடிந்தது.